பெலேயைத் தடுத்தவர்



உதைபந்தாட்டத்தின் பழைய கணக்கேடுகளைப் புரட்டிப் பார்ப்பவருக்கு ஓர் உண்மை விரைவிலே புலப்படும். கோல் அடித்தவரின் பெயர் அங்கே உண்டு. அடித்த நிமிடம் உண்டு. தலையால் அடித்தாரா, காலால் அடித்தாரா என்ற குறிப்பும் உண்டு. கோல் விழாமற் காத்தவருக்கோ அவ்வேட்டில் ஒரு வரியும் இல்லை. நடவாத ஒன்றை எவ்வாறு எழுதி வைப்பது? பந்து வந்து சேருமுன்னரே அதன் வழியில் ஓர் அடி முன்வைத்து நின்ற மனிதனின் செயலை எந்த எண்ணாற் குறிப்பது? இன்று நான் கூற எடுத்துக்கொண்ட வரலாறு அத்தகைய ஒருவருடையது. விசென்ரே லூக்காஸ் என்பது அவர் பெயர். போர்த்துக்கல் நாட்டுக்காக இருபது முறை ஆடிய தடுப்பு வீரர். பெலேயைத் தடுத்தவர் என்பதே அவர் பெயரோடு ஒட்டி நின்ற புகழ். அப்புகழ் வந்த வகையையும், வேறொருவர் செய்த குற்றத்தின் நிழல் அதன்மேல் விழுந்த வகையையும் சொல்ல முயல்கிறேன்.

விசென்ரே 1935ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 24ஆந் திகதி ஆபிரிக்காவின் கீழைக் கரையிலுள்ள லொரென்சோ மார்க்கெஸ் நகரிலே பிறந்தார். மொசாம்பிக் தேசத்தின் தலைநகரமாகிய அதற்கு 1976இலிருந்து மப்புற்றோ என்று பெயர். பதினாறாம் நூற்றாண்டில் அக்குடாவைக் கண்டு வணிகஞ் செய்த ஒரு போர்த்துக்கேயனின் பெயரையே அந்நகரம் நெடுங்காலம் சுமந்து நின்றது. வஸ்கொடகாமாவின் கப்பல்கள் இந்தியாவை நோக்கிச் செல்லும் வழியில் 1498இல் மொசாம்பிக் தீவிலே தங்கின. அவ்வழியைத் தொடர்ந்து வந்தவர்களே சில ஆண்டுகளுக்குள் கொழும்புத் துறையை அடைந்ததும், 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியதும் நாம் அறிந்த செய்திகள். நம் வீடுகளில் அலுமாரியும் மேசையும் வந்து புகுந்ததும் அவர்கள் வழியாகத்தான். இலங்கையில் அவர்களாட்சி 1658இல் முடிவுற்றது. மொசாம்பிக்கிலோ அது மேலும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. விசென்ரேயின் தமையனாருடைய முழுப்பெயர் செபஸ்தியாவோ லூக்காஸ் டா பொன்சேகா. பொன்சேகா என்னும் பெயர் நம் காதுக்குப் புதியதன்று. ஒரே காற்று இரு கரைகளுக்குக் கொண்டுவந்து சேர்த்த பெயர் அது.

அத்தமையனாரைப் பற்றிச் சிறிது கூறாமல் தம்பியின் வரலாற்றுக்குட் புகுதல் இயலாது. மத்தத்தேயு என்ற செல்லப்பெயரால் உலகம் அறிந்த அவர், விசென்ரேயிலும் எட்டு வயது மூத்தவர். லொரென்சோ மார்க்கெஸ் நகரிலே அக்காலத்தில் உதைபந்தாட்டமும் நிறத்தாற் பிரிந்து கிடந்தது. வெள்ளையர் கழகங்களுக்கு ஒரு சங்கம். ஆபிரிக்கருக்கு வேறொரு சங்கம். நகரத்தின் கல்வீடுகளுக்கு அப்பால், தகரமும் மரப்பலகையும் கொண்டு எழுப்பிய குடியிருப்புகளின் மணற்றெருக்களிலே சிறுவர்கள் துணிப்பந்தை வெறுங்காலால் உதைத்துப் பழகினார்கள். மணலிற் பந்து உருளாது. அதனைக் காலோடு சேர்த்துக் கொண்டுபோக வேண்டும். பிற்காலத்தில் ஐரோப்பியப் பார்வையாளர் வியந்து பேசிய பந்தடக்கம் அம்மணலிலேதான் பிறந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

1951ஆம் ஆண்டு மத்தத்தேயு லிஸ்பனுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அதே ஆண்டிலேதான் போர்த்துக்கலின் அதிபதி சலசாரின் அரசாங்கம் தன் குடியேற்ற நாடுகளுக்குப் புதிய பெயர் ஒன்று சூட்டியது. குடியேற்ற நாடு என்ற சொல் உலக அரங்கிலே கசக்கத் தொடங்கியிருந்தமையால், அவை இனிமேல் கடல்கடந்த மாகாணங்கள் எனப்படும் என்று சட்டம் செய்தார்கள். பெயர் மாறிற்று; ஆட்சி மாறவில்லை. மொசாம்பிக்கின் பெரும்பான்மை மக்களைக் குடியுரிமையற்ற சுதேசிகள் என்று தனியே வகுத்து வைத்திருந்த சட்டம் 1961வரை நீக்கப்படவில்லை. ஆயினும் நன்றாகப் பந்தாடும் இளைஞன் ஒருவனுக்கு லிஸ்பன் நகரின் கதவு திறந்தது. மத்தத்தேயு 1952-53இலும் 1954-55இலும் போர்த்துக்கலிலே மிகுதியான கோல்களை அடித்தவர் என்ற சிறப்பைப் பெற்றார். இரண்டாம் முறை அவர் அடித்தவை 32 கோல்கள். அந்தப் புகழின் வழியே 1954இல் தம்பியும் வந்து சேர்ந்தார்.

இருவரும் சேர்ந்த கழகம் பெலெனென்செஸ். லிஸ்பன் நகரின் மேற்கே, தேஜோ ஆறு கடலோடு கலக்கும் இடத்தை அண்டியுள்ள பெலெம் என்னும் பகுதியில் 1919இலே தோன்றியது அது. பெலெம் என்பது பெத்லகேம் என்னும் ஊர்ப்பெயரின் போர்த்துக்கேய வடிவம். வஸ்கொடகாமா 1497இல் கப்பலேறியது அக்கரையிலிருந்துதான். கழகத்தின் சின்னத்திலே பொறிக்கப்பட்டிருப்பது, அக்காலத்துக் கப்பற் பாய்களிற் செந்நிறத்தால் வரையப்பட்டிருந்த சிலுவை. அப்பாய்களைக் கடற்கரையில் நின்று கண்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல் ஒருவர், நானூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அதே சிலுவையை மார்பில் அணிந்து அதே கரையில் ஆட வந்ததை வரலாற்றின் வேடிக்கை என்பதா, வேறென்ன என்பதா? விசென்ரே அதனைப் பற்றி எண்ணினாரோ இல்லையோ, நாம் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

போர்த்துக்கலில் பென்பிக்கா, ஸ்போற்றிங், போர்த்தோ என்னும் மூன்று பெருங்கழகங்கள் உள. அவற்றுக்கு வெளியே நின்று தேசிய வெற்றிப் பட்டத்தை அதுவரை ஒருமுறை பெற்ற கழகம் பெலெனென்செஸ் ஒன்றே, அது 1946இல். விசென்ரே வந்த முதற் பருவத்திலேயே அப்பட்டம் மீண்டும் கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. 1955 ஏப்பிரல் மாத இறுதியில், கடைசி ஆட்டம். எதிரே ஸ்போற்றிங். சொந்த மைதானத்தில் பெலெனென்செஸ் இரண்டுக்கு ஒன்று என முன்னணியில் நின்றது. இன்னும் சில நிமிடங்கள் கழிந்தால் பட்டம் அவர்களுடையது. அப்பொழுதுதான் ஸ்போற்றிங் சமன் செய்தது. புள்ளிகள் இரு கழகங்களுக்கும் ஒத்தனவாயினும், ஆட்டத்திற் கலந்துகொள்ளாமலேயே பென்பிக்கா நகரின் மறுபுறத்திற் பட்டத்தைப் பெற்றது. பின்னர் ஒருபோதும் பெலெனென்செஸ் அவ்வளவு அருகிற் சென்றதில்லை. 1960இல் ஸ்போற்றிங்கை இரண்டுக்கு ஒன்று என வென்று போர்த்துக்கற் கிண்ணத்தை எடுத்தார்கள். விசென்ரேயின் கழக வாழ்க்கையிலே தேசிய அளவிற் கிடைத்த பெரும் வெற்றி அது ஒன்றுதான். பென்பிக்காவின் செஞ்சட்டை அணிந்திருந்தால் ஐரோப்பியக் கிண்ணம் இரண்டு அவர் பெயரோடு சேர்ந்திருக்கக்கூடும். அவரோ பதின்மூன்று ஆண்டுகளும் அந்த நீலச் சட்டையிலேயே கழித்தார்.

இனி, தடுப்பு வீரரின் தொழிலைப் பற்றி ஒரு சிறிது. 1925இலே ‘ஓவ்சைட்’ விதி திருத்தப்பட்டபோது முன்னணி வீரர்களுக்குப் பெரும் வாய்ப்பு ஏற்பட்டது. அதனை அடக்குவதற்காக, நடுவே நின்று ஆட்டத்தை வழிநடத்திய வீரரைப் பின்னே இழுத்து மூன்றாவது தடுப்பு வீரராக நிறுத்தினார்கள். 1958இல் பிறேசிலர் நான்கு முன்னணி வீரரோடு வந்து உலகக் கிண்ணத்தை வென்றபின், தடுப்பு வீரரும் நால்வராயினர். விசென்ரே இம்மாற்றத்தின் நடுவே வளர்ந்தவர். நடுக்களத்திலே ஆடிப் பழகிப் பின்னர் தடுப்பு வரிசைக்கு வந்தமையால், பந்தைப் பறிப்பதோடு தொழில் முடிந்தது என்று கருதாதவர். பறித்த பந்தைத் தம்மவருக்குத் தெளிவாக அனுப்பத் தெரிந்தவர்.

எதிராளியைத் தடுப்பதற்கு இருவழிகள் உண்டு. ஒன்று, அவன் பந்தைப் பெற்றபின் பாய்ந்து பறித்தல். இது பார்ப்பதற்கு வீரமாகத் தோன்றும்; கூட்டம் ஆரவாரிக்கும். ஆனாற் காலம் ஒரு நொடி பிழைத்தாற் பந்துக்குப் பதிலாகக் காலில் அடிபடும். மற்றது, பந்து அவனிடம் வருமுன்னரே அது வரும் வழியை ஊகித்து அங்கே நிற்றல். இதிற் பாய்ச்சல் இல்லை, ஆரவாரம் இல்லை. எதிராளி தனக்குரிய பந்து ஏன் தன்னிடம் வரவில்லை என்று திகைப்பான். விசென்ரேயின் வழி இரண்டாவது. முரட்டுத்தனமின்றித் தூய்மையாக ஆடுபவர் என்று தம் நாட்டிலே பெயரெடுத்தவர் அவர். முரட்டுத் தடுப்பு வீரர்கள் மலிந்திருந்த காலத்தில் அஃது எளிதாகப் பெறக்கூடிய பெயரன்று.

பெலே விசென்ரேயிலும் ஐந்து வயது இளையவர். பதினேழாம் வயதிலே 1958இன் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் இரண்டு கோல் அடித்தவர். அவரைத் தடுப்பதற்கு ஒருவர் போதாது, இருவர் வேண்டும், மூவர் வேண்டும் என்று பயிற்றுநர் பலர் தலையைப் பிய்த்துக்கொண்ட காலம் அது. 1963 ஏப்பிரல் 21ஆந் திகதி பிறேசில் அணி லிஸ்பனுக்கு வந்தது. பெலேயைக் கவனிக்கும் பொறுப்பு விசென்ரேயிடம் ஒப்படைக்கப்பட்டது. போர்த்துக்கல் ஒன்றுக்குப் பூச்சியம் என வென்றது. கோல் அடித்தவர் ஜோசே ஔகுஸ்தோ. ஆனால் மக்கள் பேசிக்கொண்டது கோலைப் பற்றியன்று. பெலே கோல் அடிக்காததைப் பற்றி. நான் தொடக்கத்திற் கூறிய அந்த எழுதா ஏட்டிலே ஒரு வரி எழுதப்பட்ட நாள் அது.

1966ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டிக்குப் போர்த்துக்கல் முதன்முறையாகத் தகுதி பெற்றது. அந்த அணியிலே மொசாம்பிக்கிற் பிறந்தவர் நால்வர்: தலைவர் கொலூனா, முன்னணி வீரர் யூசேபியோ, இடப்புறத் தடுப்பு வீரர் ஹிலாரியோ, நடுவே விசென்ரே. அணியின் முதுகெலும்பே ஆபிரிக்காவிலிருந்து வந்தது எனலாம். அதே வேளையில் அவர்கள் பிறந்த மண்ணிலே போர் மூண்டிருந்தது. 1964 செப்ரெம்பரிலே மொசாம்பிக்கின் விடுதலை இயக்கம் ஆயுதம் எடுத்தது. அங்கோலாவில் அதற்கு மூன்றாண்டு முன்னரே போர் தொடங்கிவிட்டது. சலசாரின் அரசாங்கம் இந்நால்வரையும் உலகுக்குக் காட்டி, பாருங்கள், எங்கள் நாட்டில் நிறவேற்றுமை இல்லை என்றது. மணற்றெருவிலே வேறு சங்கம், வேறு சட்டம் என்று வளர்ந்தவர்களே அந்த வாதத்துக்குச் சான்றாக நிறுத்தப்பட்டார்கள். அவர்கள் வாய்திறந்து மறுத்திருக்க வேண்டும் என்று இன்று சிலர் குறைகூறுவர். அந்த ஆட்சியிலே இரகசியப் பொலிசாரின் காது எங்கும் இருந்தது என்பதையும், அவர்கள் பிழைப்புக்காகப் பந்தாட வந்த இளைஞர்கள் என்பதையும் நினைப்பவர் அவ்வளவு எளிதாகத் தீர்ப்புக் கூறார். நான் கூறத் துணியேன்.

யூலை 13இல் ஹங்கேரியை மூன்றுக்கு ஒன்று என்றும், 16இல் பல்கேரியாவை மூன்றுக்குப் பூச்சியம் என்றும் போர்த்துக்கல் வென்றது. இரு ஆட்டங்களும் மன்செஸ்ரரில் நடந்தன. இரண்டிலும் விசென்ரே ஆடினார். 19ஆந் திகதி லிவர்பூலில், கூடிசன் பார்க் மைதானத்தில், பிறேசில். முதலாட்டத்திலேயே பல்கேரியரால் உதைபட்ட பெலே, ஹங்கேரியோடு ஆடிய ஆட்டத்தில் இறங்கவில்லை. அதிற் பிறேசில் தோற்றது. ஆகவே இந்த ஆட்டத்திலே எப்படியும் வெல்ல வேண்டும் என்ற நெருக்கடியில், முழுக்குணமடையாத காலோடு அவரை இறக்கினார்கள். எதிரே மீண்டும் விசென்ரே.

முதல் அரைமணிக்குள் சிமோயெஸ் ஒன்றும் யூசேபியோ ஒன்றுமாகத் தலையால் இரு கோல்கள் அடித்தனர். அதன்பின் நடந்ததே இன்றுவரை படச்சுருளிற் காட்டப்படுவது. பெலே பந்தோடு முன்னேறினார். வலப்புறத் தடுப்பு வீரர் மொறாயிஸ் அவரைக் காலால் இடறினார். பெலே தடுமாறி நிமிர்ந்து, பந்தை விடாது மீண்டும் ஓர் அடி வைத்தார். மொறாயிஸ் இரண்டாம் முறையும் பாய்ந்து வீழ்த்தினார். இங்கிலாந்து மத்தியஸ்தர் அவரை வெளியேற்றவில்லை. மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் அக்காலத்தில் இல்லை. அவை 1970இலேதான் உலகக் கிண்ணத்துக்கு வந்தன. காயமடைந்தவருக்குப் பதிலாக வேறொருவரை இறக்கும் விதியும் 1970இலேதான் வந்தது. எனவே வெளியே தூக்கிச் செல்லப்பட்ட பெலே, முழங்காலிற் கட்டோடு திரும்பி வந்து, மைதானத்தின் ஓரத்திலே நொண்டிக்கொண்டு மீதி நேரத்தைக் கழித்தார். றில்தோ பிறேசிலுக்கு ஒரு கோல் அடித்தார். யூசேபியோ இன்னொன்று அடித்தார். மூன்றுக்கு ஒன்று. இருமுறை தொடர்ந்து உலகக் கிண்ணம் வென்ற பிறேசில் முதற் சுற்றோடு வெளியேறிற்று.

இங்கேதான் ஓர் அநீதி நிகழ்ந்தது. போர்த்துக்கேயர் பெலேயை உதைத்து வீழ்த்தி வென்றார்கள் என்ற பேச்சு உலகெங்கும் பரவியது. பெலேயைத் தடுக்கும் பொறுப்பு யாருடையது என்று அறிந்தவர்கள், உதைத்தவரும் அவரே என்று எளிதில் முடிவுகட்டினர். உதைத்தது மொறாயிஸ்; விசென்ரே அல்லர். மொறாயிஸும் வெறும் முரடர் அல்லர் என்பதை நடுநிலையோடு சொல்ல வேண்டும். 1964இல் மூலையுதையை நேரே கோலாக்கி ஸ்போற்றிங் கழகத்துக்கு ஐரோப்பிய வெற்றிக்கிண்ணம் ஒன்றைத் தேடிக்கொடுத்த திறமைசாலி அவர். ஆயினும் அன்று அவர் செய்தது, அருகிலே நின்ற தோழர் மூன்றாண்டுகளாகக் காத்துவந்த பெயரையும் சேர்த்து அழுக்காக்கியது. அன்றைய பெலே முழு உடல்நலத்தோடு தொண்ணூறு நிமிடமும் ஆடியிருந்தால் விசென்ரே தடுத்திருப்பாரா? அந்த வினாவுக்கு விடை காணும் வாய்ப்பை மொறாயிஸின் கால் பறித்துவிட்டது. பெலேயின் இழப்பைப் பற்றி ஆயிரம் பேர் எழுதினார்கள். அன்று விசென்ரேயும் ஒன்றை இழந்தார் என்பதை எழுதியவர் அரியர்.

நான்கு நாள் கழித்து அதே மைதானத்தில் வட கொரியா. அன்றைய தடுப்பு ஆட்டத்தைப் புகழ எவராலும் முடியாது. இருபத்தைந்து நிமிடங்களுக்குள் மூன்று கோல்கள் விழுந்தன. ஓயாது ஓடும் அச்சிறிய உருவினரின் வேகத்துக்கு விசென்ரே உட்படப் பின்வரிசை முழுவதும் ஈடுகொடுக்க மாட்டாது நின்றது. யூசேபியோ நான்கு கோல்களும் ஜோசே ஔகுஸ்தோ ஒன்றும் அடித்து ஐந்துக்கு மூன்று என மீட்டெடுத்த கதை பலரும் அறிந்ததே. அதனை இங்கே விரிக்கவில்லை. அவ்வாட்டத்தில் ஏற்பட்ட காயத்தால் விசென்ரேயின் உலகக் கிண்ணம் முடிவுற்றது. 26ஆந் திகதி வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தோடு நடந்த அரையிறுதியில் அவருக்குப் பதிலாக ஸ்போற்றிங் வீரர் ஜோசே கார்லோஸ் ஆடினார். பொபி சார்ள்ற்றன் இரண்டு கோல்கள் அடித்தார்; போர்த்துக்கல் இரண்டுக்கு ஒன்று எனத் தோற்றது. விசென்ரே இருந்திருந்தால் என்று போர்த்துக்கேயர் பேசிக்கொள்வதுண்டு. பின் சோவியத் அணியை வென்று மூன்றாம் இடத்தைப் பெற்றார்கள். ஆறு ஆட்டங்களிலும் ஆடிய தடுப்பு வீரர் ஹிலாரியோ ஒருவரே.

நாடு திரும்பிய வீரர்களுக்கு வரவேற்பும் விருதும் கிடைத்தன. அந்த ஆரவாரம் அடங்கிச் சிறிது காலமே சென்றிருக்கும். ஒரு மோட்டார் விபத்திலே விசென்ரே தம் கண்களுள் ஒன்றை இழந்தார். முப்பத்தொரு வயதளவில் அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்தது. பந்து வரும் தூரத்தை அளப்பதற்கு இரு கண்களும் வேண்டும் என்பதை மருத்துவர் கூறத்தேவையில்லை. கால்வலிமையை நம்பி ஆடியவராயின் ஒற்றைக் கண்ணோடும் சிறிது காலம் தள்ளியிருக்கலாம். இவருடைய கலை முழுவதும் கண்ணிலேயே இருந்தது.

மற்றவர் கதைகள் வெவ்வேறு வழியிற் சென்றன. 1974 ஏப்பிரலிலே போர்த்துக்கலில் அந்த ஆட்சி வீழ்ந்தது. 1975 யூன் 25இல் மொசாம்பிக் சுதந்திரம் பெற்றது. கொலூனா தாய்நாட்டுக்குத் திரும்பி அங்கு உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தலைவரானார். மத்தத்தேயு கனடாவிற் குடியேறி 2000ஆம் ஆண்டில் அங்கேயே மறைந்தார். யூசேபியோவுக்கு லிஸ்பனிலே சிலை எழுந்தது.

பெலே, இனி உலகக் கிண்ணத்தில் ஆடேன் என்று 1966இலே கூறியவர், மனம் மாறி 1970இல் மெக்சிக்கோவில் மீண்டும் ஆடினார். தொலைக்காட்சியின் வழியே உலகம் முழுவதும் பார்த்திருக்க, இறுதியாட்டத்தின் முதற் கோலைத் தலையால் அடித்துத் தம் நாட்டுக்கு மூன்றாம் முறையாகக் கிண்ணத்தைப் பெற்றுக்கொடுத்தார். அவ்வாண்டு விசென்ரேக்கு முப்பத்துநான்கு வயது. அவர் பந்தாட்டத்தை விட்டு ஆண்டுகள் சில ஆகியிருந்தன.